ஆயிரத்து இருநூறா, ஒன்று புள்ளி இரண்டா?

சிகாமட் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கணவர் குலை வெட்டுகிறார். மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். கடிதம் நான்கு பக்கம்; அதில் மூன்று பக்கம் பயம்.

மகன் பள்ளிக்கூட வேலைக்காக எதையோ தேடப் போனவன், பாலோங் பகுதி மண்ணில் கதிரியக்கம் இருக்கிறது, அது 1,204 பெக்கரல் என்று படித்துவிட்டு வந்து வீட்டில் சொன்னானாம். "பஹாங்கில் இருக்கிற லைனஸ் ஆலையின் கழிவுக்கே ஒரு பெக்கரல்தான் வரம்பு என்று பத்திரிகையில் போட்டிருந்தார்களே ஐயா! அப்படியானால் நாங்கள் தினமும் மிதித்து நடக்கிற மண் அந்தக் கழிவைவிட ஆயிரத்து இருநூறு மடங்கு மோசமா?" என்று கேட்கிறார் சகோதரி. மாமியார் அன்றைக்கே வீட்டுக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டாராம்.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி. அவருடைய அக்காவுக்குத் தைராய்டு. அறுவை முடிந்து, ஜொகூர் பாருவில் கதிரியக்க அயோடின் மருந்து கொடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். டாக்டர் வாயால் சொன்னது "முப்பது". கையில் கொடுத்த சீட்டில் இருப்பது 1,110. "முப்பதுக்குப் பதில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து அக்கா போகமாட்டேன் என்கிறார்."

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது அவசரம். அந்த முப்பதும் இந்த 1,110-ம் ஒன்றேதான். கணக்கு தப்பவில்லை. அக்காவைக் குறித்த நாளில் அனுப்பி வையுங்கள். எப்படி ஒன்றாகும் என்பதைக் கீழே பார்ப்போம். மண்ணைப் பற்றிய கேள்வி அதைவிடக் கொஞ்சம் நீளமானது.

கட்டி, ராத்தல், கிலோ

நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் மீனும் காய்கறியும் கட்டிக் கணக்கில் வாங்கினார்கள். தோட்டத்து ஸ்டோரில் பாலும் ஒட்டுப்பாலும் ராத்தல் கணக்கில் நிறுத்தார்கள். 1972-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் எல்லாம் கிலோவாக மாறிற்று. ஒரு கட்டி என்பது சுமார் 605 கிராம். மூன்று கட்டியும் நான்கு ராத்தலும் சமம். கடைக்காரர் கட்டியிலிருந்து கிலோவுக்கு மாறியபோது விலைச்சீட்டில் இருந்த எண் கூடியதைப் பார்த்து, "விலையை ஏற்றிவிட்டான்" என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. அளவு மாறியதே தவிர மீன் மாறவில்லை. (அந்தச் சாக்கில் உண்மையாகவே ஏற்றியவர்களும் இருந்திருப்பார்கள். அது வேறு கதை.)

கதிரியக்கத்துக்கும் இதே கதைதான். பழைய அளவும் உண்டு, புதிய அளவும் உண்டு. இரண்டும் இன்றுவரை சேர்ந்தே நடமாடுகின்றன.

1896-ல் பாரிசில் ஹென்றி பெக்கரல் என்ற விஞ்ஞானி யுரேனிய உப்பைப் புகைப்படத் தகட்டோடு சேர்த்து இருட்டில் வைத்திருந்தார். வெளிச்சம் படாமலே தகடு கறுத்தது. அந்த உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று வருகிறது என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1898-ல், மேரி கியூரியும் அவர் கணவர் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. பியேர் 1906-ல் பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்துபோனார்.

1910-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் விஞ்ஞானிகள் கூடி, கதிரியக்கத்தை அளக்க ஓர் அளவு வேண்டும் என்று முடிவு செய்து அதற்குக் ‘கியூரி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிராம் ரேடியத்துக்கு உள்ள கதிரியக்கமே அந்த அளவுக்கு அடிப்படை. ஒரு கிராம் என்பது ஒரு சிட்டிகை உப்புப் போலத்தான். ஆனால் அதில் ஒவ்வொரு விநாடியும் சுமார் 3,700 கோடி அணுக்கள் சிதைந்து கதிர் விடுகின்றன. அப்படியானால் கியூரி மிகப் பெரிய அளவு என்று புரியும். வீட்டுச் சமையலுக்கு உப்பு வாங்க லாரிக் கணக்கில் பேசுவது போல.

1975-ல் உலக நாடுகளின் அளவை மாநாடு புதிய அளவை ஏற்றுக்கொண்டது. அதற்குப் ‘பெக்கரல்’ என்று பெயர். ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். இது மிகமிகச் சிறிய அளவு. லாரியை விட்டுவிட்டு உப்பை ஒவ்வொரு கல்லாக எண்ணத் தொடங்கியது போல. ஆகவே ஒன்றில் சொன்னால் எண் சிறுத்துப் போகும், மற்றதில் சொன்னால் ஊதிப் பெருக்கும்.

மனத்தில் வைத்துக்கொள்ள ஓர் எண் போதும், அது 37. ஒரு நானோ கியூரி 37 பெக்கரல். ஒரு மைக்ரோ கியூரி 37 கிலோ பெக்கரல், அதாவது 37 ஆயிரம். ஒரு மில்லி கியூரி 37 மெகா பெக்கரல், அதாவது 3 கோடியே 70 லட்சம். மெகா என்றால் பத்து லட்சம்; மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு.

இப்போது அக்காவின் சீட்டை எடுங்கள். டாக்டர் சொன்ன முப்பது, 30 மில்லி கியூரி. முப்பதை 37-ஆல் பெருக்கினால் 1,110. சீட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மெகா பெக்கரல் என்பதற்கான எழுத்து இருக்கும், பாருங்கள். சில மருத்துவமனைகளில் 1.11 கிகா பெக்கரல் என்று எழுதுவார்கள். அதுவும் இதுதான். தனிப் பெக்கரலாக எழுதினால் 111 கோடி ஆகும்! நல்லவேளை, அப்படி எழுதுவதில்லை. எழுதியிருந்தால் அக்கா ஜொகூர் பாருப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

1986 ஏப்ரலில் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஐரோப்பிய நாடுகள் பாலுக்கு ஒரு வரம்பு வைத்தன. அது கிலோவுக்கு 370 பெக்கரல். இதென்ன 370, முந்நூறோ நானூறோ என்று வைக்கக் கூடாதா என்று தோன்றும். 37-ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாகப் பத்து நானோ கியூரி. புதிய அளவில் பார்க்க வினோதமாக இருக்கிற எண், பழைய அளவில் முழு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

பாலோங் மண்

இனி சகோதரியின் முதல் கேள்விக்கு வருவோம். தம்பி படித்தது கட்டுக்கதை அல்ல. நம் ஜொகூர் மாநிலத்துப் பாலோங்கில் இயற்கையிலேயே கதிரியக்கம் கூடுதலாக உள்ள பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே மண், தண்ணீர், புல், பாசி, செம்பனைப் பழம் எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்து, 2005-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். யாரும் கொண்டுவந்து கொட்டியது அல்ல அது. பூமியில் எங்கும் மண்ணிலும் பாறையிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும். சில இடங்களில், கருங்கல் பாறை நொறுங்கி மண்ணான நிலத்தில் பெரும்பாலும், கொஞ்சம் அதிகமாக இருக்கும். தமிழ்நாட்டில் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் கேரளத்துச் சவரா மணலும் இந்த வகையில் உலகப் பிரசித்தம். அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள்.

பாலோங் மண்ணில் தோரியம் கிலோவுக்கு 14.9 மில்லி கிராமிலிருந்து 301 மில்லி கிராம் வரை இருந்தது. ஒரு மில்லி கிராம் தோரியம் என்றால் சுமார் 4 பெக்கரல். 301-ஐ நான்கால் பெருக்கினால் 1,204. தம்பி பார்த்த எண் இதுதான். மிகக் குறைவான இடத்தில் 59.6 பெக்கரல், மிக அதிகமான இடத்தில் 1,204. தம்பி அந்த மிக அதிகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். யுரேனியத்துக்குக் கணக்கு வேறு. ஒரு மில்லி கிராமுக்குச் சுமார் 12 பெக்கரல். அங்கே அது 4.9 மில்லி கிராமிலிருந்து 40.4 வரை, அதாவது 58.8 பெக்கரலிலிருந்து 484.8 வரை இருந்தது. உலக மண்ணில் சராசரியாகத் தோரியம் கிலோவுக்கு 30 முதல் 45 பெக்கரல் இருக்கும் என்று சொல்வார்கள். ஆகவே பாலோங் மண் சராசரியைவிட நன்றாகவே அதிகம். அதை மறைத்துப் பேசத் தேவையில்லை.

ஆனால் சகோதரியைத் தூங்கவிடாமல் செய்தது 1,204 அல்ல. அதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான். 1,204 பெக்கரல் என்பது ஒரு கிலோ மண்ணுக்கு. லைனஸ் பற்றிப் பேசும்போது சொல்லும் ஒரு பெக்கரல், ஒரு கிராமுக்கு. கிலோ எங்கே, கிராம் எங்கே! பாலோங் மண்ணையும் கிராமில் சொன்னால் 1.2 பெக்கரல். ஆயிரத்து இருநூறு மடங்கு என்று கிளம்பிய பூதம் ஒன்றேகால் மடங்குகூட இல்லாமல் சுருங்கிவிட்டது. அதுவும் மிக அதிகமான அந்த ஓர் இடத்து மண்ணுக்கு மட்டும்.

இனாமாக இன்னொரு விஷயம். குவாந்தான் பக்கம் கெபெங்கில் உள்ள அந்த ஆலை 2012-ல் வேலை தொடங்கியது. அரிய மண் உலோகம் எடுத்தபின் மிஞ்சும் அதன் கழிவில் தோரியம் கிராமுக்குச் சுமார் 6 பெக்கரல் என்று கணக்கு. 2023 அக்டோபரில் உரிம நிபந்தனை மாறியபோதும், கழிவை 1 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதுதான் பேச்சாக இருந்தது. அந்த 6-ஐக் கிலோவில் சொன்னால் 6,000. பழைய அளவில் சொன்னால் கிராமுக்கு 162 பிக்கோ கியூரி. இன்னும் ஒன்று: தோரியம் தனியாக இருப்பதில்லை. அது சிதைந்து வேறொன்றாக, அது இன்னொன்றாக, பிள்ளை பேரன் கொள்ளுப்பேரன் என்று ஒரு குடும்பமே கூட இருக்கும். அந்தக் குடும்பம் முழுவதையும் சேர்த்து எண்ணினால் 6 என்பது 60 பக்கம் போகும். ஆக ஒரே கழிவுக்கு 6, 60, 162, 6,000 என்று நான்கு எண் சொல்லலாம், நான்கும் உண்மை! ஆலைக்காரர் எதைச் சொல்வார், எதிர்ப்பவர் எதைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். யார் சொன்னாலும் நீங்கள் கேட்க வேண்டியது: கிராமுக்கா, கிலோவுக்கா? கியூரியா, பெக்கரலா? தோரியம் மட்டுமா, மொத்தமா?

பால் எடையும் காய்ந்த எடையும்

இதுவரை பார்த்தது, பொருளில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்ற கணக்கு. அது மனிதனுக்கு என்ன செய்யும் என்பது வேறு கணக்கு, அதற்கு வேறு அளவு. இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பால் வெட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஸ்டோரில் வாளியைத் தூக்கித் தராசில் வைத்தால் பத்துக் கிலோ பால். ஆனால் சம்பளக் கணக்குக்குப் பாலின் எடை மட்டும் போதாது. பாலில் மெட்ரோலாக் கோலை மிதக்கவிட்டுப் பார்த்து, காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கிராணி எழுதுவார். முப்பது விழுக்காடு என்றால் பத்துக் கிலோவில் மூன்று கிலோ ரப்பர். நாற்பது என்றால் நான்கு கிலோ. மழைத் தண்ணீர் கலந்துவிட்டால் இன்னும் குறைவு. பால் எடையைக் கட்டியிலிருந்து கிலோவுக்கு மாற்ற ஒரே பெருக்கல் போதும். பால் எடையிலிருந்து காய்ந்த எடைக்குப் போக, அது என்ன பால் என்று தெரிந்தாக வேண்டும்.

பெக்கரல், பால் எடை. உடம்பு வாங்கும் பாதிப்பைச் சொல்லும் ‘சீவர்ட்’, காய்ந்த எடை. என்ன பொருள், எவ்வகைக் கதிர், வெளியிலிருந்து படுகிறதா, வயிற்றுக்குள் போனதா, எந்த உறுப்பில் தங்கும், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடியும். "இத்தனை பெக்கரல் என்றால் இத்தனை சீவர்ட்" என்று பொதுவாக யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். நம் ஒவ்வொருவர் உடம்பிலும், சாப்பாட்டின் வழியாக வரும் பொட்டாசியத்தினால் மட்டும் சுமார் 4,000 பெக்கரல் எப்போதும் இருக்கிறது. வாழைப்பழத்திலும் உண்டு, பருப்பிலும் உண்டு. எண்ணைக் கண்டு பயப்படுவதென்றால் முதலில் நம்மையே கண்டு பயப்பட வேண்டும்.

சீவர்ட் என்பது சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஒருவரின் பெயர். அந்த அளவு 1979-ல் வந்தது. அதற்கு முன் இருந்தது ‘ரெம்’. நூறு ரெம் ஒரு சீவர்ட். அதாவது நூறு மில்லி ரெம் ஒரு மில்லி சீவர்ட். இதோடு ‘கிரே’ என்று ஒன்றும் உண்டு. பொருளோ உடம்போ கதிரிலிருந்து வாங்கிக்கொண்ட சக்தியை அது சொல்லும். அதன் பழைய பெயர் ‘ராட்’; நூறு ராட் ஒரு கிரே.

பாலோங் மண்ணின் காய்ந்த எடையைப் பார்ப்போமா? மண்ணில் கிலோவுக்கு ஒரு பெக்கரல் தோரியம் இருந்தால், தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு சுமார் 0.6 நானோ கிரே கதிர் வரும் என்று ஐக்கிய நாட்டு அறிவியல் குழு கணக்குக் கொடுத்திருக்கிறது. 1,204 பெக்கரலுக்கு சுமார் 727 நானோ கிரே ஆகிறது. மலேசியாவின் சராசரி 92 என்று அதே குழு 2000-ல் வெளியிட்டது. சகோதரி நாளைக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு முந்நூறு நாள், மொத்தம் 2,400 மணி நேரம் அந்த மிக அதிகமான மண்ணின் மேலேயே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1.74 மில்லி கிரே வரும். உடம்பு முழுவதற்குமான கணக்காக மாற்ற 0.7-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 1.2 மில்லி சீவர்ட்.

இது பெரிதா சிறிதா? உலகத்தில் சராசரி மனிதன் வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாக வாங்குவது வருடத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. சி.டி. ஸ்கேன் ஒன்றுக்கு ஐந்து ஏழு என்று போகும். பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட் என்ற வரம்பு இருக்கிறதே என்றால், அது மனிதனின் தொழிலால் கூடுதலாக வருவதற்கு வைத்த வரம்பு, இயற்கைக்கு வைத்தது அல்ல. சகோதரி நின்று வேலை செய்யும் இடம் உண்மையில் அந்த உச்ச அளவு மண்ணாக இருக்க வாய்ப்பும் குறைவு. அது அளந்ததிலேயே மிக அதிகமான ஒன்று.

கீரைக்கும் அதே ஆராய்ச்சியில் ஒரு துப்பு இருக்கிறது. அங்கே வளர்ந்த புல்லைச் சோதித்தார்கள். மண்ணில் 1,204 வரை இருந்த தோரியம், புல்லில் மிக அதிகமாக இருந்ததே கிலோவுக்கு 1.37 பெக்கரல்தான். தோரியம் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே வேர் அதை அதிகம் இழுப்பதில்லை. பாசிதான் அதை நிறைய வாங்கி வைத்துக்கொள்கிறது. பாசியை நாம் சமைப்பதில்லை. மாமியார் பாத்தியைத் திரும்பக் கொத்தி விதை போடட்டும். கீரையை மண் போகக் கழுவுவது எப்போதும் செய்கிற வேலைதானே.

புக்கிட் மேராவை நினைக்கையில்

இதையெல்லாம் சொல்லும்போது, "பயப்படாதே" என்று சொல்பவர் பேச்சையெல்லாம் நம்பிவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேராவில் ஈப்போவுக்குப் பக்கத்துப் புக்கிட் மேரா மக்கள் அப்படி நம்பியிருந்தால் அங்கே நடந்தது வெளியே வந்திருக்காது.

ஈயம் எடுத்தபின் மிஞ்சிய மணலிலிருந்து மோனசைட் என்ற கனிமத்தைப் பிரித்து, அதிலிருந்து அரிய மண் உலோகம் எடுக்க ‘ஏஷியன் ரேர் எர்த்’ என்ற நிறுவனம் 1979-ல் அமைந்தது. 1982-ல் ஆலை ஓடத் தொடங்கியது. மிஞ்சியது தோரியக் கழிவு. அதைப் பாப்பான் கிராமத்துக்கு அருகே புதைக்கப் போகிறார்கள் என்றதும் 1984-ல் அந்த ஊரே எழுந்தது. 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. பிறகு ஆலை மறுபடி ஓடியது. 1992 ஜூலை 11-ல் ஆலையை நிறுத்தும்படி தீர்ப்பு. 1993 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. சுற்றுப்புறக் குழந்தைகளின் நோய்களுக்கும் ஆலைக்கும் என்ன சம்பந்தம் என்பதே அந்த வழக்கின் உயிர்நாடி.

அந்த வழக்கு நடந்த ஆண்டுகள், ரெம் போய்ச் சீவர்ட் வந்துகொண்டிருந்த ஆண்டுகள். அதோடு 1985-ல் உலகக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்கான முக்கிய வரம்பை 500 மில்லி ரெம்மிலிருந்து 100 மில்லி ரெம்மாகக் குறைத்தது. புதிய அளவில் ஐந்திலிருந்து ஒன்று. சாதாரண ஜனங்கள் அந்த நாளில் 500, 100, 5, 1, அரை ரெம் என்று இத்தனை எண்களுக்கு நடுவே நின்று, தங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்தா இல்லையா என்று விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் 500 மில்லி ரெம்மும் அரை ரெம்மும் ஐந்து மில்லி சீவர்ட்டும் ஒன்றே என்று யாராவது தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் எழுதிக் கொடுத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

அந்த மாதிரிக் கருவி மணிக் கணக்கில் காட்டும், வரம்பு வருடக் கணக்கில் இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். 1 மில்லி சீவர்ட்டை அதனால் வகுத்தால் மணிக்கு 0.11 மைக்ரோ சீவர்ட். கருவியில் 0.11 என்று பார்த்துவிட்டு, "ஒன்றுக்கும் மிகக் குறைவு" என்று ஒருவர் சிரித்தால், அவர் மணியை வருடத்தோடு ஒப்பிட்டுச் சிரிக்கிறார்.

அயோடின் மருந்து பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது தைராய்டு செல்லைத் தேடிப் போய் அங்கேதான் அதிகம் தங்கும், அதற்காகவே கொடுக்கிறார்கள். எட்டு நாளுக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். அதற்கு முன்பே பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். அந்த முதல் சில நாட்கள் சிறு குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் தள்ளியிருக்கச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று மருத்துவமனை சொல்வதை அப்படியே கேளுங்கள். அந்த நாட்கள் கழிந்தபின் அக்காவை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. பேரப் பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

பழைய இரும்பு பொறுக்கி விற்கும் தம்பிமார்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. குழாய்களின் பற்றுவைப்பைப் படம் பிடிக்கத் தொழிற்சாலைகளில் கதிரியக்கப் பெட்டி வைத்திருப்பார்கள். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குக் கொண்டுபோன அப்படிப்பட்ட பெட்டி ஒன்று, 23 கிலோ எடையுள்ளது, வழியில் காணாமல் போனது. அந்த மாதிரிப் பெட்டியின் தகட்டில் 2 என்று மட்டும் பொறித்து, பக்கத்தில் டெரா பெக்கரல் என்பதற்கான எழுத்து இருக்கலாம். இரண்டுதானே என்று தோன்றும். அந்த இரண்டு, இரண்டு லட்சம் கோடி பெக்கரல். பழைய அளவில் 54 கியூரி. இந்தக் கட்டுரையில் நாம் பார்த்த எண்களிலேயே பயப்பட வேண்டியது இந்தச் சின்ன எண்ணுக்குத்தான். 2000-ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுட் பிராக்கானில், மருத்துவமனைகளில் பயன்படும் பழைய கோபால்ட் கருவியொன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தது 425 கியூரி, புதிய அளவில் 15.7 டெரா பெக்கரல். வெட்டித் திறந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். மஞ்சள் தகட்டில் மூன்று இதழ் விசிறி போன்ற கறுப்புச் சின்னம் கண்டால் எண்ணைக்கூடப் படிக்க நிற்காமல் தள்ளிப் போய், மற்றவர்களையும் நெருங்கவிடாமல், 999-ஐக் கூப்பிடுங்கள்.